கைப்பக்குவமும் கையெழுத்தும்: அமெரிக்கச் சமையல் நூல்களின் மறைந்த வரலாறு

சமையல் நூல்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அதிகம் இல்லை. கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க அறிக்கையையும் துருவி ஆராயும் மாணவன், அடுக்களையில் எண்ணெய்க்கறை படிந்து கிடக்கும் சமையல் நூலை ஒரு சான்றென எடுத்து நோக்குவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் உழைத்தனர், அவ்வுழைப்பின் பயனை யார் நுகர்ந்தனர், உழைத்தவரின் அறிவு யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்னும் வினாக்களுக்கு, அரசாங்க அறிக்கைகள் தர மறுக்கும் விடைகளைச் சமையல் நூல்கள் பல சமயங்களிலே தந்துவிடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமையல் நூல் வரலாறு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அந்நாட்டின் தென்மாநிலங்களில், வசதி படைத்தோர் இல்லங்களிலே தலைமுறை தலைமுறையாக அடுப்பின் முன் நின்றவர்கள் கறுப்பின மக்கள். அவ்வுணவைப் பற்றி வெளிவந்த நூல்களின் முகப்பில் இருந்த பெயர்களோ பெரும்பாலும் வெள்ளையினச் சீமாட்டிகளுடையவை. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது, தொலைக்காட்சிச் சமையற் போட்டிகளின் காலத்தில் அது என்ன வடிவம் பெற்றுள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1796ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் 'அமெரிக்கச் சமையல்' என்னும் சிறுநூல் வெளியாயிற்று. அமெரிக்கர் ஒருவரால் எழுதப்பட்டு அமெரிக்காவிலேயே அச்சேறிய முதற் சமையல் நூல் இதுவென்பர். இதனை எழுதிய அமீலியா சிம்மன்ஸ் தம்மை ஓர் அமெரிக்க அநாதை என்று முகப்பிலேயே அறிமுகஞ் செய்துகொண்டார். ஆங்கிலேயரிடமிருந்து விடுதலையைப் பிரகடனஞ் செய்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், சோளமா, பூசணி போன்ற சொந்த மண்ணின் விளைபொருள்களுக்குச் சமையல் நூலிலே இடந்தேடிய முயற்சி அது. அதே ஆண்டு பெப்ரவரி மாதத்தில், வேர்ஜீனியாவின் மொண்டிசெல்லோ மாளிகையில் இன்னோர் அமெரிக்கர், சமையல் சம்பந்தமான வேறோர் ஆவணத்தை எழுதினார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். அவர் எழுதியது, அம்மாளிகையின் சமையலறைப் பாத்திரங்களின் பட்டியல்.

மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று விடுதலைப் பிரகடனத்திலே எழுதிய தோமஸ் ஜெபர்சனின் அடிமையாக இருந்தவர் ஹெமிங்ஸ். 1784இல் ஜெபர்சன் பிரான்சுக்குச் சென்றபோது இவரையும் உடனழைத்துச் சென்று, பாரிஸ் நகரில் கைதேர்ந்த சமையற்காரரிடம் பயிற்சி பெறச் செய்தார். 1789இல் நாடு திரும்பிய பின் ஜெபர்சனின் விருந்துகளுக்குப் புகழ் தேடித் தந்த கை ஹெமிங்ஸினுடையது. தமக்கு விடுதலை வேண்டுமென்று அவர் கேட்டபோது, தம் கலையை வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்த பின்னரே விடுதலை என்று 1793இல் ஜெபர்சன் எழுத்திலே நிபந்தனை விதித்தார். ஹெமிங்ஸ் தம் உடன்பிறந்த பீற்றருக்குக் கற்பித்தார். 1796இல் விடுதலை பெற்றார். அண்ணன் விடுதலையாக, தம்பி அதே அடுப்பின் முன் அடிமையாக நின்றான். 1801இல் ஹெமிங்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிரெஞ்சு முறைச் சமையலை அமெரிக்காவிலே பரப்பிய சுவைஞர் என்ற பெருமை நெடுங்காலம் ஜெபர்சனுக்கே வழங்கப்பட்டு வந்தது. எழுதத் தெரிந்திருந்தும் ஹெமிங்ஸ் நூலெதனையும் எழுதவில்லை. எசமானின் சொத்தைக் கணக்கிட்டு ஒப்படைக்கும் பட்டியலே அவர் கையெழுத்தில் நமக்குக் கிடைத்துள்ளது.

ஹெமிங்ஸுக்கு எழுத்தறிவாவது வாய்த்திருந்தது. அடிமைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அது சட்டத்தாலும் வழக்கத்தாலும் மறுக்கப்பட்டது. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றின் அருகே 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மறுமொழியாக 1740இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு நூறு பவுண் அபராதம் விதித்தது. 1831இல் வேர்ஜீனியாவில் நற் டேர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர், தென்மாநிலங்கள் பல இத்தகைய தடைகளை மேலும் இறுக்கின. எழுத்தறிவு கிளர்ச்சிக்கு வழிவகுக்கும் என்று அடிமை முதலாளிகள் அஞ்சியது காரணமின்றி அன்று. ஆனால் இச்சட்டங்களால் விளைந்த இன்னொரு விளைவையும் நாம் கவனித்தல் வேண்டும். அடுப்பின் அறிவு யாரிடமிருந்து கட்டாயமாகப் பெறப்பட்டதோ, அவருக்கே எழுத்தின் அறிவு தடைசெய்யப்பட்டது. எசமானி நூலைப் பார்த்து வாசிக்க, சமையற்காரி காதாற் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வாள். சமையற்காரியின் கைப்பக்குவத்தை எசமானி குறித்துக்கொள்வாள். குறித்துக்கொண்டவளின் பெயரே நூலின் முகப்பில் ஏறிற்று.

1824இல் மேரி ரண்டோல்ப் அம்மையார் வெளியிட்ட 'வேர்ஜீனிய இல்லத்தரசி' என்னும் நூல், தென்மாநிலச் சமையலின் முதற்பெரும் நூலாகக் கொள்ளப்படுவது. இவ்வம்மையாரின் சகோதரரே ஜெபர்சனின் மகளை மணந்தவர். நூலின் பக்கங்களைப் புரட்டினால், வெண்டிக்காயைச் சமைக்கும் முறைகளும் 'கம்போ' என்னும் பதார்த்தமும் நம் கண்ணிற் படுகின்றன. வெண்டிக்காய் ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்ற பயிர். கம்போ என்ற சொல்லே வெண்டிக்காயைக் குறிக்கும் ஆபிரிக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மேற்கு ஆபிரிக்காவில் நெல் விளைவித்த மக்களைப் பிடித்து வந்தே தென் கரோலினாவின் சேற்று நிலங்களிலே நெல் வயல்களை உண்டாக்கினர். அவ்வயல்களே சார்ள்ஸ்டன் நகரைச் செல்வத்திற் செழிக்க வைத்தன. இப்பயிர்களைத் தாமாக எழுந்து வந்து கலத்தில் வீழ்ந்தவை போலச் சமையல் நூல்கள் கூறிச் செல்கின்றன. பயிரையும் பக்குவத்தையும் கொணர்ந்தவரின் பெயர் அப்பக்கங்களில் இல்லை. எனினும் ஒடுக்கப்பட்டவரின் பெயரை மறைத்த நூலினால் அவர்தம் அறிவை மறைக்க இயலவில்லை. செய்முறைக் குறிப்பின் உள்ளே அது சான்றாக நின்றுவிட்டது.

இவ்வாறு அறிவைப் பெற்றுக்கொண்டு பெயரை மறைப்பதற்கு ஒரு கொள்கையும் தேவைப்பட்டது. கறுப்பினச் சமையற்காரிக்குச் சமையல் என்பது பிறவியிலேயே கைவந்தது, அவள் எதையும் அளந்து போடுவதில்லை, ஏன் அவ்வாறு செய்கிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது என்றெல்லாம் சீமாட்டிகளின் நூல்கள் பாராட்டுவது போலப் பேசின. இப்பாராட்டின் உட்பொருளை ஆராய்வது பயனுடையது. பயிற்சியினால் வரும் திறமைக்குக் கூலி கேட்கலாம். இயற்கையாக அமைந்த வரத்துக்குக் கூலி கேட்பதெங்ஙனம்? கற்றுக்கொண்ட கலைக்கு ஆசிரியர் உண்டு, மரபு உண்டு, வரலாறு உண்டு. பிறவிக் குணத்துக்கு இவையொன்றும் இல்லை. திறமையை இயற்கையின் கணக்கிலே எழுதிவிடுவது, உழைப்பை விலையின்றிப் பெறுவதற்கு ஏற்ற வழியாயிற்று. பெண்களின் வீட்டுழைப்பை 'தாயுள்ளம்' என்று போற்றி ஊதியமின்றி நிறுத்திவைக்கும் எச்சமுதாயத்திலும் இதே தருக்கம் வழங்கிவருவதைக் காணலாம்.

1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் சமையற்காரியின் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. முன்னாள் அடிமை குறைந்த கூலிக்கு அதே சமையலறைக்குள் திரும்ப நேர்ந்தது. 1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டமும், உழைப்பாளருக்கு முதுமைக்கால ஓய்வூதியம் வகுத்தபோது, பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் புறத்தே நிறுத்தியது. தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளரிற் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். மறுபுறத்தில், சமையற்காரியின் உருவத்துக்கு மட்டும் சந்தையிலே பெருமதிப்பு ஏற்பட்டது. 1889இல் மிசூரி மாநிலத்தில் இரு வணிகர், ஒருவகை அப்பத்துக்குரிய ஆயத்தமாவை விற்க முனைந்து, வெள்ளையர் முகத்திற் கரிபூசி ஆடும் கேளிக்கை நாடகங்களிலே வழங்கிய 'ஆன்ற் ஜெமைமா' என்ற பெயரை அதற்குச் சூட்டினர். 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், அடிமையாகப் பிறந்த நான்சி கிறீன் என்ற பெண்ணை அவ்வேடத்தில் நிறுத்தி அப்பஞ் சுட வைத்தனர். சிரித்த முகமும் தலையிற் கட்டிய துணியுமாக அவ்வுருவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விற்பனைச் சின்னமாய் நின்றது. 2020இல் எழுந்த இனவெறி எதிர்ப்புப் போராட்டங்களின் அழுத்தத்தினால், அதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2021இல் பெயரும் மாற்றப்பட்டது. சமையற்காரியின் முகம் பொதியின் மேல் இருந்தது. அவளுடைய சொல் எங்கும் இருக்கவில்லை.

அச்சொல் முற்றாக இல்லாமற் போய்விட்டதா? இல்லை என்பதை அண்மைக்காலத்து ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. 1827இலேயே றொபேட் றொபேட்ஸ் என்னும் கறுப்பின வீட்டுப் பணியாளர், வீட்டுப் பணியாளருக்கு வழிகாட்டும் நூலொன்றைப் பொஸ்டன் நகரில் வெளியிட்டார். 1866இல் மிச்சிகன் மாநிலத்தின் போ போ என்ற சிற்றூரில் மலின்டா றஸ்ஸல் தம் 'இல்லச் சமையல் நூலை' அச்சிட்டார். கறுப்பினப் பெண்ணொருவர் எழுதியதாக இன்று அறியப்படும் சமையல் நூல்களுள் இதுவே முந்தியது. றஸ்ஸல் அடிமையல்லாத குடும்பத்திற் பிறந்தவர். ரெனஸி மாநிலத்தில் இனிப்புப் பணியாரக் கடை நடத்திச் சேர்த்த பணத்தை உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆயுதக் கும்பலிடம் பறிகொடுத்து, வடக்கே தப்பியோடியவர். ஊர் திரும்புவதற்கு வேண்டிய பணத்தைத் தேடவே நூலை எழுதினார். அந்நூலின் குறிப்புகளுட் பெரும்பாலானவை, கேக், பணியாரம் முதலிய ஐரோப்பிய முறை இனிப்பு வகைகள். கறுப்பினச் சமையற்காரி என்றாற் பன்றியிறைச்சியும் சோளரொட்டியுமே சமைப்பாள் என்ற எண்ணத்துக்கு இந்நூல் நேர்மாறான சான்று. இதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதன் முன்னுரையில் உண்டு. தமது தொழிலை வேர்ஜீனியாவைச் சேர்ந்த பானி ஸ்ருவாட் என்ற கறுப்பினச் சமையற்காரியிடம் கற்றதாக றஸ்ஸல் பெயர் சொல்லி எழுதியுள்ளார். பிறவிக் குணம் என்ற கொள்கை இவ்வொரு வாக்கியத்தின் முன் நிற்க முடியாது. ஆசிரியரும் மாணவரும் உள்ள கலையாகச் சமையல் அங்கே காட்சி தருகிறது. இந்நூலின் ஒரேயொரு பிரதியே எஞ்சியுள்ளதாக அறியப்பட்டுள்ளது; அதுவும் ஆய்வாளர் கண்ணிற் பட்டது ஏறக்குறைய 2000ஆம் ஆண்டளவிலேதான்.

1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த அபி பிஷரின் நூல், எழுத்துக்கும் கைப்பக்குவத்துக்கும் இடையிலான உறவை வேறொரு முறையில் விளக்குகிறது. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் வாழ்ந்து, பின் மேற்குக் கரைக்குச் சென்ற பிஷர், ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்றுப் பெயர்பெற்றார். 1880இல் அந்நகரில் நடைபெற்ற கண்காட்சியில் அவருடைய தயாரிப்புகள் பதக்கங்களை வென்றன. அவருக்கோ எழுத வாசிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத, நகரிலிருந்த பெண்கள் கூட்டுறவு அச்சகம் அதனை நூலாக்கியது. எழுதியவருக்குத் தென்மாநிலத்துப் பேச்சொலி பழக்கமில்லை. ஆகையால், சோளமும் அவரையும் சேர்த்துச் செய்யும் 'சக்கொட்டாஷ்' என்ற உணவு 'சேர்க்கிட் ஹாஷ்' என்றும், 'ஜம்பலாயா' என்னும் சோற்றுணவு 'ஜம்பர்லி' என்றும் அச்சிலே பதிந்தன. இவற்றை அச்சுப் பிழைகளெனத் தள்ளிவிடுவது தவறு. எழுத்து மறுக்கப்பட்ட ஒருவரின் குரல், பிறர் செவிவழி நூலுக்குள் நுழைந்தபோது பட்ட தழும்புகள் அவை. ஆனால் முகப்பில் இருந்த பெயர் பிஷருடையது. அந்த வகையில், 1824க்கும் 1881க்கும் இடையில் ஒரு பெரிய தூரம் கடக்கப்பட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இப்போராட்டம் புதிய சாதனங்களுக்குள் நுழைந்தது. லூசியானாவில் 1892இற் பிறந்த லீனா றிச்சட், பொஸ்டன் நகரத்துச் சமையற் பள்ளியிற் பயின்று வந்து, 1937இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். கறுப்பின இளைஞரும் பெண்களும் தொழிலை முறையாகக் கற்றால் உயர்ந்த கூலியைக் கோரும் நிலைக்கு வரலாம் என்பதே அதன் நோக்கமென அவர் வெளிப்படையாகக் கூறினார். பிறவி வரத்தைப் பேசி நின்றவர்களுக்கு எதிராக, பயிற்சியையும் கூலியையும் ஒரே வாக்கியத்தில் இணைத்த இக்கூற்று, தொழிற்சங்க மேடையில் ஒலிக்கத் தகுந்தது. 1939இல் 'லீனா றிச்சட்டின் சமையல் நூலை' அவர் தம் செலவிலேயே வெளியிட்டார். 1940இல் பொஸ்டனின் பெரிய பதிப்பகம் ஒன்று அதனை ஏற்றுப் பதிப்பித்தபோது, நூலின் தலைப்பு 'நியூ ஓர்லியன்ஸ் சமையல் நூல்' என்று மாறிற்று. சந்தை விரிந்தது, ஆளின் பெயரிருந்த இடத்தில் ஊரின் பெயர் அமர்ந்தது.

அந்த லீனா றிச்சட் 1949இல் நியூ ஓர்லியன்ஸ் தொலைக்காட்சி நிலையத்திலே சமையல் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். வாரம் இருமுறை, தாம் எழுதிய நூலின் செய்முறைகளைத் தம் கையாலேயே செய்து காட்டினார். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குரிய உணவகத்தில் அமர்ந்து உண்ணவும் உரிமையற்றிருந்த நகரம் அது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்க வசதியுற்ற வெள்ளையக் குடும்பங்களே அந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் பார்த்தன. 1950இல் அவர் இறந்தார். தொலைக்காட்சிச் சமையலின் முன்னோடி எனப் பலரும் இன்று நினைவுகூரும் ஜூலியா சைல்ட் அம்மையார், பிரெஞ்சுச் சமையல் பற்றிய தமது புகழ்பெற்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது 1963இலே. சைல்டின் உழைப்பையோ திறமையையோ குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே காமராவின் முன் நின்ற ஒரு பெண்ணை ஒரு நாடு ஏன் மறந்தது என்ற வினா எழாமல் இருக்க முடியாது.

மறதிக்கு எதிரான முயற்சிகளும் நடைபெறாமலில்லை. 1958இல் நீக்ரோப் பெண்கள் தேசிய சபை வெளியிட்ட 'அமெரிக்க நீக்ரோவின் வரலாற்றுச் சமையல் நூல்', வரலாற்றுப் பாடநூல்கள் தம் மக்களுக்கு மறுத்த இடத்தைச் சமையல் நூலிலே தேடிக்கொண்டது. அதிலே செய்முறைகளோடு விடுதலைப் போராளிகளின் நினைவுகளும் இடம்பெற்றன. பள்ளிக்கூடத்தில் நுழைய முடியாத வரலாறு அடுக்களை வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்று கூறலாம்.

இம்மரபின் சிகரம் எட்னா லூயிஸ். 1916இல் வேர்ஜீனியாவில், விடுதலையூர் எனப் பொருள்படும் பிரீடவுன் என்ற குடியிருப்பில் அவர் பிறந்தார். அடிமைத்தளையினின்றும் விடுபட்ட குடும்பங்கள் கூடி அமைத்த ஊர் அது. நிறுவியவர்களுள் லூயிஸின் பாட்டனாரும் ஒருவர். இளமையில் நியூயோர்க் சென்ற லூயிஸ், தையல் வேலை செய்தார். கம்யூனிஸ்டுகளின் 'டெய்லி வேர்க்கர்' பத்திரிகையிலும் பணியாற்றினார். 1940களின் இறுதியில் மன்ஹாட்டனில் திறக்கப்பட்ட நிக்கல்சன் உணவகத்தில் அவர் சமையற் பொறுப்பேற்றபோது, ரெனஸி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி முதலிய எழுத்தாளர்கள் அங்கு வந்து உண்டனர். 1976இல் 'நாட்டுப்புறச் சமையலின் சுவை' என்ற அவருடைய நூல் வெளியாயிற்று. ஜூலியா சைல்டின் நூலைப் பதிப்பித்த ஜூடித் ஜோன்ஸ் என்பவரே இதற்கும் பதிப்பாசிரியர். பிறர் துணையோடு எழுதிய முதல் வரைவிலே லூயிஸின் சொந்தக் குரல் இல்லை என்றுணர்ந்த ஜோன்ஸ், நினைவுகளைத் தாமே எழுதுமாறு அவரைத் தூண்டினார். லூயிஸ் தம் கைப்பட எழுதினார்.

அந்நூல் பருவங்களின் ஒழுங்கிலே அமைந்தது. கோதுமை அறுவடைக் காலத்து உணவு, பன்றி அறுக்கும் நாளின் உணவு, அடிமை விடுதலை நாளின் விருந்து என்று ஓர் உழைக்கும் சமுதாயத்தின் ஆண்டு முழுவதும் அதில் விரிகிறது. அளவுக் கரண்டி இல்லாத வீடுகளில் சோடாமாவைச் செப்புக்காசின் மேலும் வெள்ளிக்காசின் மேலும் குவித்து அளந்த முறையை அதில் அவர் விளக்குகிறார். கேக் வெந்துவிட்டதா என்பதை, செவியருகே கொண்டு அதன் ஒலியைக் கேட்டு அறியும் நுட்பத்தையும் சொல்கிறார். அளவு தெரியாதவர்கள், உணர்வினாற் சமைப்பவர்கள் என்று இகழ்ச்சி கலந்த புகழுரை கேட்ட மக்களிடம் எத்துணை நுண்ணிய அளவைகள் இருந்தன என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமா? காசும் காதும் அவர்களின் கருவிகள். அக்கருவிகளை அறியாதவரே, அளவு இல்லையென்று எழுதினர்.

இனி நாம் தொலைக்காட்சிப் போட்டிகளுக்கு வருவோம். 1990இல் பிரித்தானியாவில் 'மாஸ்ரர்செவ்' என்ற சமையற் போட்டி தொடங்கிற்று. இன்று அதன் உள்நாட்டுப் பதிப்புகள் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தயாரிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 2006இல் 'ரொப் செவ்' என்ற தொழில்முறைச் சமையற்காரர் போட்டி தொடங்கியது. செய்து காட்டிக் கற்பிப்பது லீனா றிச்சட்டின் நிகழ்ச்சியும் ஜூலியா சைல்டின் நிகழ்ச்சியும் மேற்கொண்ட பணி. போட்டி நிகழ்ச்சியோ கற்பிப்பதில்லை. அங்கே கடிகாரம் ஓடுகிறது, நடுவர் சுவைக்கின்றனர், வாரந்தோறும் ஒருவர் வெளியேற்றப்படுகிறார், இறுதியில் எஞ்சும் ஒருவருக்குப் பணமும் புகழும் கிடைக்கின்றன. பார்ப்பவர் ஒரு பதார்த்தத்தையேனும் செய்யக் கற்றுக்கொள்வது அரிது. பலரின் உழைப்பால் பல தலைமுறைகளிற் சேர்ந்த அறிவு, ஒரு தனிமனிதனின் வெற்றியாக அங்கே உருமாறுகிறது. தொழிலாளி வேலையிழக்கும் அச்சத்தை மாலைநேரப் பொழுதுபோக்காக மாற்றிய கலைவடிவம் என்று இதனைக் கூறின் மிகையாகாது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். சீமாட்டியின் நூலில் சமையற்காரிக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. போட்டி நிகழ்ச்சியில் சமைப்பவரின் முகமும் கையும் பெயரும் கோடிக்கணக்கானவர் முன் தோன்றுகின்றன. சமையற்பள்ளியின் படியேறாதவரும், குடியேறிகளின் பிள்ளைகளும் தம் பாட்டியின் பதார்த்தத்தை அங்கே வைத்து, அதன் ஊரையும் பெயரையும் சொல்லக் கேட்கிறோம். இது சிறிய ஆதாயமன்று.

இவ்விரு பக்கங்களும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்வு 2017 ஜனவரியில் நேர்ந்தது. 'ரொப் செவ்' போட்டியின் பதினான்காம் தொடர், அடிமைகள் விளைவித்த நெல்லினாற் செழித்த அதே சார்ள்ஸ்டன் நகரிலே படமாக்கப்பட்டது. அதன் ஒரு வாரப் போட்டியில், 2006இல் மறைந்துவிட்ட எட்னா லூயிஸுக்கு அஞ்சலியாகச் சமைக்குமாறு போட்டியாளர் பணிக்கப்பட்டனர். ஒளிபரப்பான சில நாட்களிலே, வெளிவந்து நாற்பதாண்டுகள் கடந்த 'நாட்டுப்புறச் சமையலின் சுவை' விற்பனைப் பட்டியல்களின் முன்வரிசைக்கு ஏறிற்று. நாற்பதாண்டுகளில் விமர்சகரும் சமையற்காரரும் சேர்த்துத் தந்த மதிப்பையெல்லாம் விட, ஓர் ஒளிபரப்பு அதிக வாசகரைத் திரட்டித் தந்தது. இதை எண்ணி மகிழலாம். அதே வேளை சிந்திக்கவும் வேண்டும். ஒரு வாழ்நாள் உழைப்பு வெளிச்சம் பெறுவதற்கு ஒரு வணிக நிகழ்ச்சியின் தயவை எதிர்நோக்க வேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சி அடுத்த வாரம் வேறொரு பொருளுக்குத் தாவிவிட்டது.

இங்கே சொத்துரிமை பற்றிய வினாவும் எழுகின்றது. சமையற் செய்முறை யாருக்குச் சொந்தம்? அமெரிக்கச் சட்டப்படி, ஒரு செய்முறையின் பொருட்பட்டியலும் வெறும் செயல்விளக்கமும் பதிப்புரிமைக்கு உரியன அல்ல. தயிரைக் கொண்டு செய்யும் உணவுகள் பற்றிய நூலொன்றைக் குறித்து எழுந்த வழக்கில், 1996இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இவ்வாறே தீர்ப்பளித்தது. செய்முறை பொதுச்சொத்து என்னும் இக்கருத்து நல்லதே. அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டுச் சமைப்பதற்கு எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆயின் அப்பொதுநிலத்தின் மேல் எழுப்பப்பட்ட மாளிகைகள் பொதுச்சொத்து அல்ல. நூலின் பதிப்புரிமை பதிப்பகத்துக்குரியது. வணிகச் சின்னம் நிறுவனத்துக்குரியது. போட்டி நிகழ்ச்சியின் அமைப்புமுறை நாடு நாடாக உரிமம் பெற்று விற்கப்படுகிறது. பாட்டியின் குழம்புக்கு உரிமையாளர் இல்லை. அக்குழம்பைக் கடிகாரத்தின் முன் வைத்துச் சமைக்கும் முறைக்கு உரிமையாளர் உண்டு. மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்துச் சொத்தாக்கிய பழைய வரலாற்றை நினைவூட்டும் நிலை இது.

இந்நிலையை மாற்ற முதலில் வேண்டுவது, மறைக்கப்பட்ட பெயர்களைத் தேடி எடுத்தல். பத்திரிகையாளர் ரோனி ரிப்டன்-மாட்டின், 1827 முதலாக வெளிவந்த கறுப்பினத்தவரின் சமையல் நூல்களைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றை விவரித்து, 2015இல் 'ஜெமைமாக் குறியீடு' என்ற நூலை வெளியிட்டார். விளம்பரப் பொதியின் மேற் சிரித்த கற்பனை முகத்துக்கு எதிரே, உண்மையில் வாழ்ந்து உழைத்து எழுதியவர்களின் நீண்ட வரிசையை நிறுத்திய பணி அது. தொலைக்காட்சிப் போட்டி லூயிஸை நினைவுகூர்ந்தது என்றால், அதற்குரிய தளத்தை இத்தகைய பொறுமையான உழைப்பே அமைத்துக் கொடுத்திருந்தது.

வரலாறு கற்பிப்போரும் கற்போரும் இதிலிருந்து ஒரு முறையைப் பெற்றுக்கொள்ளலாம். எந்தச் சமையல் நூலைக் கையிலெடுத்தாலும் சில வினாக்களை அதனிடம் கேட்போம். இதனை எழுதியவர் யார், சமைத்தவர் யார், இருவரும் ஒருவர்தாமா? இப்பயிர் எம்மண்ணிலிருந்து வந்தது, யார் கொணர்ந்தனர்? நூல் விற்ற பணம் யாரைச் சேர்ந்தது? இவ்வினாக்கள் உணவின் சுவையைக் குறைத்துவிடுமென அஞ்ச வேண்டியதில்லை. 1866இல், கொள்ளையிற் பொருளிழந்து அந்நிய ஊரிலே நின்ற மலின்டா றஸ்ஸல், தம் நூலைத் தொடங்கும்போதே இவற்றுள் முதல் வினாவுக்கு விடை கூறிவிட்டார். தமக்குத் தொழில் கற்பித்த பானி ஸ்ருவாட்டின் பெயரை அவர் அன்று எழுதியிராவிடின், அப்பெண் வாழ்ந்ததும் சமைத்ததும் கற்பித்ததும் இன்று நமக்குத் தெரிய வழியில்லை.